பிரவுன் பெஸ் நகல்கள்: இத்தாலியத் தயாரிப்பா, இந்தியத் தயாரிப்பா?

அமெரிக்கப் புரட்சிப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படையை வேடமிட்டு மீள்நிகழ்த்துவோர், அந்தப் படையின் 'பிரவுன் பெஸ்' மஸ்கட்டை (நீண்ட குழல் துப்பாக்கி) வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு நகல்களுக்கிடையே தயங்குகிறார்கள். ஒன்று இத்தாலியின் பெடர்சோலி நிறுவனம் தயாரிப்பது. மற்றொன்று இந்தியப் பட்டறைகளில் உருவாகி ஏற்றுமதியாவது. தரத்தில் இத்தாலியத் துப்பாக்கியே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரலாற்றுத் துல்லியம் என்பது வேறு கணக்கு. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்று முடிவு செய்யாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

இத்தாலிய நகலின் குழல் 42 அங்குலம் என்பதால், அது 1769-இல் காலாட்படைக்கு ஏற்கப்பட்ட ஷார்ட் லேண்ட் என்ற குட்டைக் குழல் வகையைச் சேர்ந்ததாகிறது. எனினும் அதன் சுடுபொறித் (மருந்தைப் பற்றவைக்கும் பொறி) தகட்டில் 'கிரைஸ் 1762' என்று ஒப்பந்தக்காரர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரரின் பெயரையும் ஆண்டையும் பொறிக்கும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் ஆயுதத் துறை 1764-இலேயே கைவிட்டுவிட்டதால், 1769-க்குப் பிந்தைய துப்பாக்கியில் லண்டன் டவரைக் குறிக்கும் 'டவர்' என்ற சொல்லே இருந்திருக்க வேண்டும். கிடங்கில் எஞ்சியிருந்த பழைய பொறியைப் புதிய துப்பாக்கியில் பொருத்தியிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு துப்பாக்கிக்கு அந்தச் சமாதானத்தை ஏற்கலாம். அணிவகுத்து நிற்கும் வரிசை முழுவதும் ஒரே பெயரையும் ஒரே ஆண்டையும் ஏந்தி நிற்கும்போது அது எடுபடாது. நல்லவேளையாக, இந்தக் குறையைத் திருத்த முடியும்: பழைய பொறிப்பைத் தேய்த்தெடுத்துவிட்டு, கிரீடச் சின்னத்தையும் 'டவர்' என்பதையும் கையால் பொறித்துக் கொடுக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள்.

இந்தியத் தயாரிப்புகளின் பலம் வகைகளில் இருக்கிறது. 46 அங்குலக் குழல் கொண்ட லாங் லேண்ட் நகல் அவற்றில் கிடைக்கிறது. வட அமெரிக்காவில் நடந்த 1750-களின் பிரெஞ்சு–இந்தியப் போரை ('இந்தியர்' என்றது அமெரிக்கப் பழங்குடிகளை) காட்ட விரும்புவோருக்கு அதுவே பொருத்தம். அந்த நீளத் துப்பாக்கிகள் 1769-க்குப் பின்னும் படையில் புழங்கியதால், 1775-க்கும் அது தவறாகாது. பலவீனம் மரவேலையில்தான். அசலில் வால்நட் மரத்தைக் குழலையும் பொறியையும் ஒட்டி மெலிதாகச் செதுக்கியிருப்பார்கள். இந்திய நகல்களில் பெரும்பாலும் தேக்கு போன்ற வேறு மரத்தைப் பொறியைச் சுற்றித் தடிமனாகவே விட்டுவிடுகிறார்கள். தீத்துளை (குழலுக்குள் இருக்கும் மருந்துக்குத் தீ செல்லும் துளை) இடாமலே அனுப்பப்படுபவை பல. வெடிக்கும் எண்ணமிருந்தால், துளையிடுவதற்கு முன் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் குழலைச் சோதித்தாக வேண்டும், இதில் சமரசம் கூடாது.

ஆகவே 1770-களுக்குப் பொறிப்பு மாற்றிய இத்தாலியத் துப்பாக்கியையும், அதற்கு முந்தைய காலத்துக்கு மரம் சீவித் திருத்திய இந்திய லாங் லேண்டையும் பரிந்துரைப்பேன். தடித்த மரத்தைச் சீவலாம். குட்டையான குழலை நீட்ட வழியில்லை.

கார்பைன்களில் (குதிரை வீரருக்கான குட்டைத் துப்பாக்கிகள்) நிலைமை மோசம். லைட் டிராகூன் குதிரைப்படையின் எலியட் கார்பைனுக்கு 28 அங்குலக் குழலும் சுமார் 0.65 அங்குலத் துளையும் (குழலின் உள்விட்டம்) இருந்தன. சந்தையில் 'பிரவுன் பெஸ் கார்பைன்' என்று விற்கப்படும் பெடர்சோலியின் நகலோ, 30.5 அங்குலக் குழலும் காலாட்படை மஸ்கட்டுக்குரிய 0.75 அங்குலத் துளையும் கொண்டது. முறையான குதிரைப்படை ஆயுதமாக அதைக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

பிரிட்டிஷாரை எதிர்த்த அமெரிக்கக் கான்டினென்டல் படையைக் காட்டுவோருக்கு 0.69 அங்குலத் துளையுள்ள பிரெஞ்சு ஷார்ல்வில் மஸ்கட்டின் நகல் நல்ல தேர்வுதான். ஆனால் பிரெஞ்சு ஆயுதங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கியது 1777-இல் என்பதால், 1775-இன் பங்கர் ஹில் போரைக் காட்டும் அணியில் எல்லோர் தோளிலும் அது இருக்கக் கூடாது.