சின்ன டிராக்டரின் பின்சக்கரத்துக்கு எடை: தண்ணீரா, இரும்பா?

ஹொசகோட்டே, தேவனஹள்ளி, ஆனேக்கல் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் பெங்களூர்த் தமிழர்களுக்கு 20 முதல் 28 எச்பி டிராக்டரே போதும். திராட்சைப் பந்தலுக்குள் நுழையவும் அதுதான் வசதி. ஆனால் வண்டி இலேசு. காய்ந்து இறுகிய செம்மண்ணில், கொழுக்களால் மண்ணைக் கிளறும் கல்டிவேட்டரை இறக்கினால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். டீசல் போகும், டயர் தேயும்.

அதைத் தடுக்கப் பின்சக்கரத்தில் எடை ஏற்றுமுன், எந்தக் கருவி ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் மட்டும்தான் என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். அதன் கத்திகள் சுழலும் திசையே வண்டியை முன்னால் தள்ளும். கலப்பைக்கும் கல்டிவேட்டருக்கும்தான் பின்பாரம் வேண்டும்.

என் முதல் தேர்வு, டயருக்குள் தண்ணீர். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை மேலே கொண்டுவந்து, வால்வுக்குள் இருக்கும் சிறு பின்னைக் கழற்றி, நடுநடுவே காற்றை வெளியே விட்டபடி வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு. முழுக்க நிரப்பவே கூடாது, மீதி இடம் காற்றுக்கு. 8.3-24 அளவு டயர் ஒன்று சுமார் 60 லிட்டர் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 120 கிலோ. எடை கீழேயே தங்குவதால் நந்தி மலை அடிவாரம் மாதிரிச் சரிவு நிலத்தில் வண்டிக்கு நல்ல பிடிமானம். தொல்லையும் உண்டு. காற்றுக்கு இடம் குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலே அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும். முள் குத்தினால் பஞ்சர் போடுவதற்குள் பெரும்பாடு.

தண்ணீரில் கால்சியம் குளோரைடு கலக்கச் சொல்வது பனி உறையும் நாடுகளின் வழக்கம். கரைசல் லிட்டருக்கு 1.2 கிலோவுக்கு மேல் எடை தரும், உண்மைதான். ஆனால் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த குளிரே 1884 ஜனவரியின் 7.8 டிகிரி. இங்கே உறைய என்ன இருக்கிறது? ட்யூப் கசிந்தால் அந்த உப்பு ரிம்மை அரித்துவிடும். நம் ஊருக்கு அது வேண்டவே வேண்டாம்.

சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடை, அதாவது வீல் வெயிட், விலை அதிகம், போல்ட் துளை உங்கள் மாடலுக்குப் பொருந்தியாக வேண்டும். ஆனால் நெல் வயலில் சேறடிக்கும் முன் கழற்றி வைத்துவிடலாம். தேவையில்லாத நேரத்தில் சுமக்கும் எடை மண்ணை இறுக்கி வேரை நெரிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பயிர் மாற்றி மாற்றி வைப்பவருக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன்.

முன்னால் மண் அள்ளும் லோடர் மாட்டியவருக்குக் கணக்கே வேறு. பின்சக்கரத்தில் ஏற்றும் எடை முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது. கருவியைத் தூக்கும் பின் லிப்டில் காங்கிரீட் நிரப்பிய டிரம்மையோ கனமான கருவியையோ மாட்டினால்தான் முன்பக்கம் இலேசாகும்.

எடை போதுமா என்று வயலிலேயே பார்த்துவிடலாம். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கருவி மண்ணில் இறங்கி உழும்போது சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தைக் குறியுங்கள். பிறகு கருவியைத் தூக்கி அதே தூரம் ஓட்டுங்கள். எட்டரை முதல் 9 சுற்று வந்தால் சரி. 8-க்கும் கீழே என்றால் வழுக்கல் அதிகம், எடை ஏற்றுங்கள்; கிட்டத்தட்ட 10 வந்தால் கொஞ்சம் இறக்குங்கள்.