மரச் சமையல் மேடைக்கு நீர்க்காப்பு என்று சொல்லி என்னை ஏமாற்றிய விதம்

தாத்தாவின் வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்கு உத்தரங்கள் இரண்டை விற்க மனம் வராமல் சென்னைக்குக் கொண்டுவந்து, ஒன்றரை அங்குலக் கனத்துக்கு அறுத்து, பலகைகளைப் பக்கவாட்டில் இணைத்து, ஏழடி நீளச் சமையல் மேடையாக ஆக்கினோம். அறுத்ததும் இணைத்ததும் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஆசாரி. எண்ணெய் ஏற்றும் வேலையையும் தானே செய்வதாகவும், ஆனால் அது ஊறிக் காய ஒரு மாதமாகும் என்றும் அவர் சொன்னார். எனக்கு அவசரம். நான்கே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் உள்அலங்கார நிறுவனத்திடம் பூச்சு வேலையையும் பொருத்தும் வேலையையும் 2023 ஜனவரியில் ஒப்படைத்தேன். மூன்று முறை எண்ணெய் பூசுவோம், உணவு பட்டாலும் கேடில்லாத எண்ணெய், அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் பூசுவோம் என்று வாயால் சொன்னார்கள். ரசீதில் ‘வுட் ஃபினிஷிங், 18,500 ரூபாய்’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அந்த ஒரு வரியை நான் அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் பிறகு அவர்களுக்குக் கேடயமாயிற்று.

வேலை முடிந்த அன்று அவர்களுடைய மேற்பார்வையாளர் ஒரு டம்ளர் தண்ணீரை மேடையின் நடுவில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நான் மகிழ்ந்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இந்தச் சோதனையைப் பற்றித்தான் எல்லோரையும் முதலில் எச்சரிக்க விரும்புகிறேன். புதிதாகப் பூசிய எந்தப் பூச்சின் மேலும், அது எண்ணெயானாலும் வார்னிஷானாலும் மெலமைன் என்னும் பாலிஷானாலும், முதல் நாளில் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். மரத்துக்குள் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் பலகையின் முகத்தின் வழியே அன்று. நார்கள் அறுபட்டு நிற்கும் முனைகளின் வழியே. அங்கே மரத்தின் நுண்குழாய்கள் திறந்த வாயோடு இருப்பதால் முகப்பைவிடப் பல மடங்கு விரைவாக ஈரத்தை உறிஞ்சும். சிங்க் பொருத்துவதற்காக வெட்டிய துளையில், நார்களைக் குறுக்கே அறுத்த இரு பக்கங்களிலும் இத்தகைய முனைகள் உண்டு. தண்ணீர் மிகுதியாகப் படுகிற இடமும் அதுவே. சோதிப்பதானால் சிங்க் வைப்பதற்கு முன் அந்த வெட்டு முனையில் நீர் தெளித்துச் சோதித்திருக்க வேண்டும்.

அக்டோபர் மழை தொடங்கிய சில வாரங்களில் சிங்க்கைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்கு மரம் கறுத்தது. அடுத்து மேடையின் நடு குழிந்து இரு ஓரங்களும் எழும்பின. துடைக்கத் துடைக்க நடுவிலேயே நீர் தேங்கியது. சுவரோரம் ஒரு விரிசலும் விழுந்தது. அழைத்தபோது, மரம் என்றால் அப்படித்தான் இருக்கும், நீங்கள் தண்ணீரை அதிகம் புழங்குகிறீர்கள் என்றார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டினால் பராமரித்துத் தருவதாகவும் சொன்னார்கள். அதையும் கட்டினேன். வந்தவர் ஈரம் காயவிடாமலும் உப்புத்தாள் தேய்க்காமலும், மழை பெய்துகொண்டிருந்த பிற்பகலில் பழைய பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு அடித்துவிட்டுப் போனார். வீடெங்கும் தின்னர் நெடி, அதாவது பாலிஷைக் கரைக்கும் திரவத்தின் நெடி. மறுநாள் காலையில் மேடை முழுதும் பால் படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது. எண்ணெய்க்கு அந்த நெடி ஏது என்ற ஐயம் எனக்கு அப்போதுதான் எழுந்தது.

பழைய ஆசாரியையே அழைத்தேன். அவர் மறைவான ஒரு மூலையைப் பிளேடால் சுரண்டினார். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடுமே தவிர இப்படித் தோலாக மேலே நிற்காது. இது கதவுக்கும் கட்டிலுக்கும் அடிக்கிற மெலமைன் பாலிஷ் என்றார். அந்தப் பூச்சு தன்னளவில் மோசமானதன்று. ஆனால் கத்தியும் சூடான பாத்திரமும் ஓயாத ஈரமும் படுகிற இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே தண்ணீர் தோலுக்கு அடியில் புகுந்து வெளியேற முடியாமல் மரத்தைக் கறுக்க வைக்கும். எண்ணெய் பூசிய மேடையானால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் வைத்துவிடலாம். இதற்கோ முழுத் தோலையும் உரித்தாக வேண்டும்.

மேடையைக் கழற்றிப் புரட்டியபோதுதான் முழு உண்மையும் தெரிந்தது. “அடியில ஒரு கையளவுகூட ஒண்ணும் பூசலையேம்மா” என்றார். அறுத்தபோது இருந்த ரம்பத் தடம்கூட அப்படியே இருந்தது. மேல்பக்கம் அடைபட்டு அடிப்பக்கம் திறந்திருந்ததால், சிங்க் அலமாரியின் ஈரத்தைக் குடித்து அடிப்பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது. நடு குழிந்ததற்கு அதுவே காரணம். மரம் அகலவாட்டில் சுருங்கவும் விரியவும் இடம் விடாமல், இறுக்கமான துளைகளில் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள். விரிசல் அதனால் வந்தது.

சரிசெய்ய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பலகையின் அடியில் குச்சிகள் கொடுத்து நிழலில் மூன்று வாரம் உலர்த்தி, இழைத்து, 80, 120, 180, 220 என்ற எண்களில், சொரசொரப்பிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக உப்புத்தாள் போட்டார். ஈரமான இரும்புச் சட்டியை வைத்ததால் வந்த கருநீலக் கறைகளை ஆக்சாலிக் அமிலக் கரைசலால் போக்கினார். அது நஞ்சு, கையுறை வேண்டும், பிறகு பலமுறை கழுவித் துடைக்கவும் வேண்டும். அதன்பின், விரைவில் காய்வதற்காகச் சேர்க்கும் உலோக உலர்த்திகள் எதுவும் சேராத ஆளிவிதை எண்ணெயை மேலும் கீழும் ஒரே அளவில் நான்கு முறை பூசி, ஊறியதுபோக மிஞ்சியதை ஒவ்வொரு முறையும் துடைத்தெடுத்தார். வெட்டு முனைகளுக்கு மட்டும் இனி உறிஞ்சாது என்னும்வரை ஊட்டிக்கொண்டே இருந்தார். துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அவற்றை நீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எறிந்தோம். மரம் விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்குமாறு திருகாணித் துளைகளையும் மேடையின் அகலவாட்டில் நீட்டிவிட்டார்.

நிறுவனத்திடம் படங்களோடு எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் எண்ணெய் என்று எங்கே இருக்கிறது என்பதே பதிலாக வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு பராமரிப்புக்குக் கட்டிய 6,000 ரூபாய் மட்டும் திரும்பியது. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். வழக்குக்குக் காரணமானது நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. பூசப்போகும் பொருளின் பெயர், எத்தனை பூச்சு, அடிப்பக்கமும் வெட்டு முனைகளும் சேர்ந்ததா என்ற மூன்றும் ரசீதில் எழுதப்பட்டிருந்தால் என் மனு இவ்வளவு தடுமாறியிருக்காது. மேடையைப் பொருத்துவதற்கு முன் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் இன்றே சிங்க் அலமாரியைத் திறந்து, கைப்பேசி விளக்கை மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். மேடையின் அடிப்பக்கம் வெளிறி, சொரசொரப்பாக, ரம்பத் தடத்தோடு இருந்தால் மழைக்காலம் வருமுன்பே கழற்றிப் பூச ஏற்பாடு செய்யுங்கள்.