மயக்க மருந்து நர்ஸ்: பினாங்கா, அமெரிக்காவா?

மலேசியாவின் பினாங்கில் மயக்கம் கொடுப்பது டாக்டர்தான். நர்ஸ் சும்மா பக்கத்தில் நிற்பவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் கேஸுக்கு முன்பே மெஷினைச் சோதித்து, நோயாளி விடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் ஊதா நிறமாகியிருந்தால் மாற்றி, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா என்று பார்த்து, டாக்டர் கை நீட்டும்போது சரியான அளவு மூச்சு டியூப்பை நீட்டவேண்டும். பேர் என்னவோ டாக்டருக்கு!

அமெரிக்காவில் அதற்கென்று படித்த நர்ஸே மயக்கம் கொடுக்கலாம், பல மாநிலங்களில் டாக்டர் மேற்பார்வைகூட வேண்டாம், சம்பளமும் கொழுத்த சம்பளம். ஆனால் முதலில் ஐசியூ அனுபவம், அப்புறம் முனைவர் நிலைப் படிப்பு (2022 முதல் சேருபவர்களுக்குக் கட்டாயம்), கூடவே கடன். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் முடிவு உங்கள் தலையில்.

அந்தத் தைரியம் இருந்தால் கிளம்புங்கள். ஷிஃப்ட் முடிந்து நிம்மதியாக நாசி கண்டார் சாப்பிட நினைக்கும் எனக்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுனே சரி.