டிவி பஞ்சாயத்தா, யூடியூப் பஞ்சாயத்தா?

அடுத்த வீட்டுச் சண்டையை மேடையேற்றிய பகல் நேர டிவி நிகழ்ச்சிகள் பல ஓய்ந்துவிட்டன. அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய ஜெர்ரி ஸ்பிரிங்கர் நிகழ்ச்சி 2018இல் நின்றது. பிரிட்டனின் ஜெரமி கைல் நிகழ்ச்சியை 2019இல் ஐடிவி தொலைக்காட்சி கைவிட்டது. அதில் பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒருவர், படப்பிடிப்பு முடிந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. பிறகு நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது.

சரி, சண்டை நின்றதா? இல்லை, கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் சமையலை முடித்துவிட்டு உட்காரும் அத்தைக்கு, "கதறிய மனைவி, உறைந்த கணவன்" என்று யூடியூபில் ஒரு காணொளித் துணுக்கு வருகிறது. முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. டிவியில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக் கூடத்தில் சேர்ந்து பார்ப்பவர்கள் "பாவம், அந்தப் பெண்ணை விடுங்கள்" என்றாவது சொல்வார்கள். இங்கே அத்தை தனியாகத்தான் பார்க்கிறார். அழுத பெண்ணின் முகமோ எத்தனையோ சேனல்களில் நகலாகி, வருடக்கணக்கில் சுற்றுகிறது. யாரிடம் போய் நீக்கச் சொல்வது?

டிவி யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு நிலையம் இருந்தது. சிங்கப்பூரில் ஒளிபரப்புக்கு விதிமுறைகளும் உண்டு. இரண்டில் ஒன்று என்றால் நான் டிவி பக்கம்தான். அத்தை கைப்பேசியில் முதலில், அடுத்த காணொளியைத் தானாக ஓடவிடும் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள்.