ஹெவி லைசென்ஸ்: டிரைவிங் ஸ்கூலா, பயிற்சி நிலையமா, கிளீனர் வேலையா?

லாரியோ பஸ்ஸோ ஓட்ட வரும் பையனுக்குச் சட்டம் முதலில் கேட்பது இரண்டுதான். வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகு வண்டியை எங்கே போய்க் கற்பது என்பதில்தான் குழப்பம்.

பெரும்பாலானவர்கள் போவது ஊரில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு. மத்திய மோட்டார் வாகன விதிப்படி கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. காகிதத்தில் சரிதான். நடப்பது வேறு: விடிகாலையில் ஒரு பழைய லாரி, கேபினில் நெருக்கியடித்து நாலைந்து பேர், பைபாஸில் ஆளுக்குக் கொஞ்ச தூரம். கியர் மாற்றவும், வளைக்கவும், ரிவர்ஸ் எடுக்கவும் கை பழகிவிடும். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட அது போதும். செலவு குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், பகலில் வேறு வேலையும் பார்க்கலாம். ஒழுங்காக மணிக்கணக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஸ்கூல்களும் உண்டு, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் அங்கே ஓட்டுவது காலி வண்டி. லோடு ஏற்றிய வண்டி வேறு ஜாதி. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்கச் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம் சூடேறும், லைனிங் கருகி வாடை வரும், பிறகு பிடிக்காது. இன்ஜின் ஐடிலில் ஓடுவதால் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்றை நிரப்பும்; காற்று மீட்டரில் முள் இறங்குவதைப் பார்த்துவிட்டு மறுபடி கியர் போடப் பார்த்தால், அந்த வேகத்தில் கியர் விழாது. மேட்டிலேயே கீழ்க் கியருக்கு வந்து, புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். பைபாஸில் காலி லாரி ஓட்டினவனுக்கு இதை யார் காட்டுவது?

இந்த இடத்தில்தான் பெரிய பயிற்சி நிலையங்கள் மேல். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சிப் பள்ளி ஆகியவை பழைய பெயர்கள். 2021 ஜூலையில் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு புது வகையும் வந்தது. கனரக வாகனம் சொல்லிக்கொடுக்க 2 ஏக்கர் நிலம், டெஸ்ட் டிராக், திரை முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பழகும் சிமுலேட்டர், பயோமெட்ரிக் வருகைப்பதிவு எல்லாம் வேண்டும். பாடம் 38 மணி நேரம், 6 வாரத்துக்குள். அங்கே தேறினவர் ஆர்டிஓ ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்கிறவரே பாஸும் போடுவதா என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு. சிமுலேட்டரைக் கேலி பேசுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன்: மழை, பனி, ஓட்டத்தில் டயர் வெடிப்பது ஆகியவற்றை உயிருக்குப் பயமில்லாமல் பழக வேறு வழியில்லை. குறை என்னவென்றால், ஆறு வாரம் சம்பாத்தியம் இல்லாமல் இருக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது.

மூன்றாவது வழி, எங்கள் தலைமுறை டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்த வழி: கிளீனராக ஏறுவது. தார்ப்பாய் போடுவது, கயிறு இறுக்குவது, டயரைத் தட்டிச் சத்தத்தில் காற்றுப் பார்ப்பது, ராத்திரி ஓட்டத்தில் எங்கே நிறுத்தித் தூங்குவது என்று எந்தச் சிலபஸும் தராததை அது தரும். கூடவே டிரைவர் அண்ணனின் கெட்ட பழக்கமும் வரும். நியூட்ரல் இறக்கமே அப்படி வந்ததுதான். லைசென்ஸ் இல்லாமல் ராத்திரியில் ஸ்டியரிங் கொடுப்பதும் இதில் நடக்கிறது. மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை ஓனரிடமே திருப்பிக் கேட்கும். எவ்வளவு கற்றிருந்தாலும் பயிற்சி முடித்ததற்கான படிவம் 5 சான்றிதழுக்குக் கடைசியில் ஒரு ஸ்கூல் வாசலுக்குத்தான் வர வேண்டும். கிளீனர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்டதால் இந்த வழியும் அடைந்துகொண்டே வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: ஐரோப்பிய யூனியனில் தொழில்முறை டிரைவருக்கு ஆரம்பப் பயிற்சி 280 மணி நேரம், சுருக்கமான வழியில் 140. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் வகுப்பு. நம் ஊரிலும் புதுப்பிப்பு ஐந்து வருடம்தான், ஆனால் டாக்டர் சான்றிதழ் போதும். டேங்கரில் பெட்ரோல், ஆசிட் ஏற்றுகிறவருக்கு மட்டும் ஆரம்பத்தில் தனியாக 3 நாள் பயிற்சி.

என் யோசனை: லாரிக்குப் போகிறவர், ஆறு வாரம் தாங்க முடியுமென்றால் பயிற்சி நிலையம், முடிந்ததும் நேராகத் தனி வண்டி கேட்காமல் கொஞ்ச காலம் இன்னொரு டிரைவரோடு மாறி மாறி ஓட்டும் டபுள் டிரைவராக ஏறுங்கள். முடியாதென்றால் டிரைவிங் ஸ்கூல், அதன்பின் இன்னும் அதிக காலம் டபுள் டிரைவர். அரசு பஸ்ஸை நினைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அங்கே பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ், முதலுதவிச் சான்றிதழ், ஹெவி ஓட்டிய அனுபவம் எல்லாம் கேட்பார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் காலேஜ் பஸ்ஸிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஏறி, அனுபவச் சான்றிதழைக் கையோடு எழுதி வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் அலைய விடுவார்கள்.