மோல் கணக்கின் காரணத்தைச் சொல்லித்தரும் வகுப்பு: சுங்கை சிப்புட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவீடு ஒன்றின் மாடியில் நடக்கும் நான்காம் படிவ வேதியியல் பிரத்தியேக வகுப்பில் என் மகள் படிக்கிறாள். அணுநிறையையும் (ஓர் அணுவின் நிறை, அணுநிறை அலகில்) மோலார் நிறையையும் (ஒரு மோல், அதாவது குறிப்பிட்ட ஒரு பெரிய எண்ணிக்கையிலான துகள்களின் நிறை, கிராமில்) இணைத்து நடத்திய பாடத்தில் பெற்றோரும் பின்வரிசையில் அமரலாம் என்றார்கள்; அன்று கேட்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

கார்பனுக்கு இரண்டுமே 12, அலகை மட்டும் மாற்றிக்கொள் என்று மனனம் செய்யவைப்பதே பல இடங்களில் வழக்கம். இந்த ஆசிரியரோ, அந்த எண் ஏன் மாறாமல் நிற்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். ஒரு கார்பன்-12 அணுவின் நிறை 12 அணுநிறை அலகு. ஓர் அலகு என்பது ஏறத்தாழ 1.6605 × 10⁻²⁴ கிராம் என்பதால், ஓர் அணு 1.9926 × 10⁻²³ கிராம். அதை அவகாட்ரோ எண்ணான 6.022 × 10²³ ஆல் பெருக்கும்படி சொல்ல, பிள்ளைகளின் கால்குலேட்டர்களில் 12 கிராமுக்கு மிக நெருங்கிய விடை வந்தது. ஒரு கிராமில் எத்தனை அணுநிறை அலகுகள் அடங்குமோ அத்தனை துகள்களைத்தான் ஒரு மோல் என்கிறோம், ஆகவே எந்தத் தனிமத்துக்கும் இது பொருந்தும் என்று அவர் விளக்கியபோது, சூத்திரத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். இந்த வகுப்பின் பெரிய பலம் இதுவே.

எடுத்துக்காட்டும் பொருத்தமானது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்; கூட்டினால் 12 + 2 + 32 = 46. ஒரு மூலக்கூறு 46 அலகு, ஒரு மோல் 46 கிராம், 23 கிராம் எடுத்தால் அரை மோல். பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பொருள் அல்ல.

குளோரினை மட்டும் அவசரமாகக் கடந்தது எனக்கு வருத்தமே. தனிம அட்டவணையில் குளோரினுக்கு 35.5 என்று இருந்தாலும், அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட இல்லை. இயற்கையில் ஏறத்தாழ 35 அலகு நிறையுள்ள குளோரின்-35 அணுக்கள் 76 விழுக்காடும், ஏறத்தாழ 37 அலகு நிறையுள்ள குளோரின்-37 அணுக்கள் 24 விழுக்காடும் கலந்திருப்பதால் வரும் சராசரி அது. அட்டவணை எண்கள் சராசரிகள் என்பது விளங்காவிட்டால், முழு எண்ணாக இல்லாதவை பிள்ளைகளைக் குழப்பும். அச்சிட்டுத் தந்த குறிப்பிலும் மோலுக்கு, 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்ற பழைய வரையறையே இருக்கிறது. 2019 மே 20 முதல் மோல் 6.02214076 × 10²³ என்ற நிலையான எண்ணால் வரையறுக்கப்படுகிறது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கணக்குகளின் விடை இதனால் மாறாது என்றாலும், அடுத்த அச்சில் திருத்திவிடலாம்.

கட்டணம் நியாயமானது, இடம்தான் நெருக்கம். மோல் பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளைத் தயங்காமல் இங்கே சேர்க்கலாம்.