பியர் வழிப் புரதம்: எந்தக் கணக்கை எடுப்பது?

ஒரு நாட்டு மக்களுக்குப் பியரிலிருந்து எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிடும் உணவுச் சமநிலை அட்டவணை. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் வீணானதையும் கழித்து, இருப்பையும் சரிபார்த்து, தலைக்கு நாளொன்றுக்கு இத்தனை கிராம் என்று சொல்லும். இன்னொன்று, வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் நுகர்வுக் கணக்கெடுப்பு.

நீண்ட காலப் போக்கு வேண்டுமென்றால் அட்டவணைதான் என் தேர்வு. 1961 முதல் எண்கள் இருக்கின்றன. ஆனால் 2010-இல் தொடங்கும் புதிய வரிசைக்குக் கணக்கிடும் முறையே வேறு. பழையதோடு அப்படியே ஒட்டினால், அங்கே தெரியும் ஏற்ற இறக்கம் குடிப்பழக்கம் மாறியதாலா, முறை மாறியதாலா என்று பிரிக்க முடியாது. பியருக்கு இது ரொம்பவே முக்கியம். 100 மில்லியில் சுமார் அரை கிராம் புரதம்தான். தலைக்கு 200 மில்லி என்றாலும் ஒரு கிராமைத் தாண்டுவது கடினம். இவ்வளவு சின்ன எண்ணில் 0.1 கிராம் அசைந்தாலே வரைபடத்தில் பெரிய மாற்றமாகத் தெரியும்.

கணக்கெடுப்பில் யார் குடிக்கிறார்கள் என்பது தெரியும். அட்டவணைக்குக் கைக்குழந்தையும் ஒரு தலைதான். ஆனால் குடித்ததை மக்கள் குறைத்தே சொல்வார்கள், வெளியே குடித்தது பல நேரம் விட்டுப்போகும். அதனால் அதை வயது, வருமானப் பிரிவுகளை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.